ஏன் நின்னீங்க?

செப்டம்பர் 4, வியாழன்

இந்த டயரி மருந்துக்கடையில் கொடுத்தது. ஜனவரியில் இருந்து என் வீட்டுக்காரருடைய கணக்குத்தான் இதில் இருக்கிறது. எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், எடை எவ்வளவு ஏறியது, அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு. ஜூலை நடுவில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத்தாள். மகள் பவாதான், "சும்மா உக்காந்து செவத்தையே பாக்கறதுக்கு எதையாச்சும் எழுதும்மா" என்றாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுதுகிறேன்.

இன்றைக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் "செக்கிங், கைமடி ஆட்கள் தேவை" என்று போர்டு. எட்டு மணி நேர வேலை, மாதச் சம்பளம், கம்பெனி பஸ். பெரிய கம்பெனி என்றால் பி.எஃப். நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தேன். அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் போட்டதும் நான் போன இடமெல்லாம் வரிசையாக வந்துவிட்டது, எப்போது சேர்ந்தேன், எப்போது நின்றேன் என்று.

"ரெண்டு வருசத்துல ஆறு கம்பெனிங்க. ஒண்ணுலயும் நாலு மாசம் முழுசா இல்ல. ஏன் நின்னீங்க?"

"வீட்டுச் சூழ்நிலைங்க சார்."

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று சிரித்தான். சொல்லி அனுப்புகிறோம் என்றான். போன் நம்பர் கேட்கவில்லை. கேட்காமல் எப்படிச் சொல்லி அனுப்புவான்?

சாயங்காலம் புளிக்குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு பவா என்னையே பார்த்தாள். "ம்மா, உப்பு" என்றாள். அவருக்கு உப்பு ஆகாது என்று பழகிய கை. எடுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

எங்கும் போகவில்லை. துணி துவைத்தேன். அவருடைய சட்டை ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. அதையும் துவைத்துக் காயப்போட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

பக்கத்து வீட்டு முத்துமாரி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. இந்த லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்து அதிக நாள் குடியிருப்பவள். அவள் சொல்லிக் கொடுத்தபடி இன்றைக்கு இன்னொரு கம்பெனியில் பொய் சொன்னேன். மாமனார் இறந்துபோனார், ஊரில் காடு தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் போய்ப் போய் வந்தேன் என்று.

அந்த மேனேஜர் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஊருங்க?"

"காங்கயம் பக்கமுங்க."

"அட, நமக்கும் அந்தப் பக்கந்தான். காங்கயத்துல எங்கீங்க? என்ன வெள்ளாமைங்க?"

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கடலை என்றேன். கிணறா, வாய்க்காலா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. "சரி, போய்ட்டு வாங்கம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

முத்துமாரியிடம் வந்து சொன்னேன்.

"யக்கா, காடு தோட்டம்னு சொல்லச் சொன்னா, என்ன போட்டிருக்கோம்னு யோசிச்சிட்டுப் போக வேணாமா? பொய்க்கும் ஒரு படிப்பு வேணும்க்கா."

பவா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதற்காக இன்னொரு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

செப்டம்பர் 15, திங்கள்

யாராவது பொறுமையாகக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.

அவர் சாயப்பட்டறையில் இருந்தவர். கிட்னி போனது. செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இலவசம்தான், ஆனால் கூட ஆள் இல்லாமல் படுக்கை தர மாட்டார்கள். முடித்து வந்தால் காலைப் பிடித்து இழுக்கும், வாந்தி எடுப்பார். வாரத்தில் இரண்டு நாள் லீவு எந்தக் கம்பெனியில் கொடுப்பான்? முதல் மாதம் பொறுப்பார்கள். இரண்டாவது மாதம் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்குவார். மூன்றாவது மாதம், "நீங்க நின்னுக்கங்க" என்பார்கள். நான்கு கம்பெனி அப்படிப் போனது.

மற்ற இரண்டும் நான் நின்றது இல்லை. ஒன்றில் அமெரிக்கா ஆர்டர் வரவில்லை என்று எங்கள் லைனையே நிறுத்தினார்கள். நாற்பது பேர் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றோம். இன்னொன்றை மூடியே விட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் எல்லாமே ஒன்று போலத்தான் தெரிகிறது. நானாக நின்றதா, அவர்கள் நிறுத்தியதா என்பது அதில் இல்லை.

இவ்வளவையும் கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை. "ஏன் நின்னீங்க?" என்று கேட்டுவிட்டு போனைப் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

விடியும்போதே எழுந்து வெந்நீர் வைத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீரில் பவா குளித்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

பவா பன்னிரண்டாவது படிக்கிறாள். பவதாரணி என்று அவர்தான் பெயர் வைத்தார். கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை என்று டீச்சர் சொல்கிறார்கள். இன்றைக்குச் சோறு தின்றுகொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொல்கிறாள்:

"தீபாவளி வரைக்கும் பாக்கலாம்மா. உனக்கு வேலை கெடைக்கலைன்னா நான் முத்துமாரியக்கா கூடக் கைமடிக்குப் போறேன்."

"வாய மூடு."

"அடுத்த வருசம் பிரைவேட்டா எழுதிக்கறேன்."

"வாய மூடுன்னேன்."

"மூடிட்டா சோறு எப்பிடித் திங்கறது?"

கைமடி என்றால் டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, மடிப்பது, நூலை வெட்டுவது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நானும் அடுத்த வருடம் எழுதிக்கொள்கிறேன் என்றுதான் ஒன்பதாவதில் நின்றேன்.

தீபாவளிக்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டால் அவள் ஸ்கூலுக்குப் போவாள். அவ்வளவுதான் விஷயம். கையில் இருப்பது அதுவரைக்கும் ஓடும்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்றைக்கும் ஒரு கம்பெனி, இன்றைக்கும் அதே கேள்வி, அதே பதில். ஆனால் ஆபீஸில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். ஷர்மிளா என்று பெயர். பவாவை விட நான்கைந்து வயது கூட இருக்கும்.

"அக்கா, நெசமா ஏங்க்கா நின்னீங்க?"

யாரும் இப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே தலையாட்டினாள்.

"இதை உள்ளயே சொல்லியிருக்கலாமில்லக்கா. மேனேஜருக்குப் பயமே லீவுதான். இனி லீவு எடுக்கறதுக்குக் காரணமே இல்லைன்னு தெரிஞ்சா எடுத்துக்குவாரு. தீபாவளிக்கு ஊருக்குப் போறவங்க பாதிப் பேரு திரும்ப மாட்டாங்க. அப்ப வாங்க. சர்டிபிகேட் இருந்தா கொண்டு வாங்க."

"என்ன சர்டிபிகேட்டு கண்ணு?"

தயங்கினாள். "டெத் சர்டிபிகேட்டுக்கா."

நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் அவர் செத்ததைக் காட்டி வேலை கேட்பதா?

அக்டோபர் 11, சனி

மாரியம்மன் கோயில் வீதியில் இரண்டு சின்னக் கம்பெனி. வேலை இல்லை. தீபாவளிக்கு போனஸ் கொடுக்க வேண்டும் என்பதால் இப்போது யாரும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் இல்லை. லைன் வீடு முழுக்கப் பூட்டு. முத்துமாரியும் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "செத்த வீட்டுல செய்யக் கூடாதுதான், ஆனா திங்கலாம்" என்று அதிரசத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். பவா இரண்டு தின்றாள். ஒன்றை எனக்கு ஊட்டினாள்.

வேலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குகிறாளா, கட்டி வைக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு வாரம் பொறு" என்றேன்.

"சரி" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

ஷர்மிளா சொன்ன கம்பெனிக்குப் போனேன். பெஞ்சில் என்னோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் பழைய கம்பெனியில் கொடுத்த கடிதம் இருந்தது. என் கையில் அவருடைய இறப்புச் சான்றிதழ். கசங்கக் கூடாது என்று பவாவின் ஸ்கூல் பைலில் வைத்திருந்தேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். நான் பைலைத் திறந்து நீட்டினேன். மயில்சாமி, ஆண், நாற்பத்து ஆறு என்று வாய்க்குள்ளேயே படித்தார்.

"ஸாரிங்க" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப லீவெல்லாம் இவருக்காகத்தான்?"

"ஆமாங்க சார்."

"அப்ப இனிமே லீவுப் பிரச்சனை வராது."

"வராதுங்க சார்."

"உங்களை நம்பி வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா? வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க?"

பேனாவை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். பின்னால் பெஞ்சில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

"யாரும் இல்லைங்க சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். மூன்று மாதம் லீவே இல்லாமல் வந்தால் நிரந்தரம், நாளைக்கே வாங்க என்றார்.

பவாவுக்குப் பதினேழு நடக்கிறது. அவள் சின்னப் பிள்ளை இல்லை. அதனால் நான் சொன்னது பொய் ஆகாது.

வீட்டுக்கு வந்து வேலை கிடைத்தது என்றதும் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தோம்.

"என்னம்மா சொன்ன? எப்பிடி எடுத்தாங்க?"

"உண்மையச் சொன்னேன்" என்றேன்.

நவம்பர் 1, சனி

செக்கிங் வேலை. டேபிள் மேலே வெள்ளை லைட். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குழந்தைகள் போடுகிற பனியன், மார்பில் யானை படம். காலையில் செல்போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம்தான் தருவார்கள். அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி கம்பெனி ஆபீஸ் நம்பரைப் பவாவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஸ்கூலில் கொடுத்திருக்கிறாள்.

நின்று நின்று கால் வீங்குகிறது. ஆனாலும் நல்ல வேலை.

நவம்பர் 7, வெள்ளி

சம்பளம் போட்டார்கள். வந்த நாளுக்கு மட்டும். பவாவுக்கு ஒரு ஜோடி செருப்பும் எனக்கு உப்பில்லாத முறுக்கும் வாங்கினேன். முறுக்கு அவருக்குப் பிடிக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார், எப்போதும் வாங்குவதுதானே என்று. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

நவம்பர் 12, புதன்

டீ நேரத்தில் பக்கத்து டேபிள் பெண், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?" என்றாள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். "டீ ஆறுது, குடி" என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

பவாவுக்கு நெற்றி சுடுகிறது. சாதாரணக் காய்ச்சல்தான். மாத்திரை கொடுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில், "இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகாத, படுத்துக்க" என்றேன். கணக்குப் பரீட்சை என்று போய்விட்டாள். நானும் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் லாக்கரில் இருந்து போனை எடுத்தால் பதினான்கு மிஸ்டு கால், எல்லாம் ஸ்கூலில் இருந்து. கூப்பிட்டேன். "எங்கம்மா போனீங்க?" என்று டீச்சர் கத்தினார்கள். பரீட்சை எழுதும்போதே பவா மயங்கி விழுந்திருக்கிறாள். கம்பெனி நம்பருக்கும் போட்டிருக்கிறார்கள். "எங்க ரெக்கார்டுல துளசிமணியம்மாவுக்குப் பொண்ணே இல்லைங்க, வேற எங்கயோ கேளுங்க" என்று வைத்துவிட்டார்களாம். இரண்டாவது தடவை போட்டபோதும் அதேதான்.

டீச்சரே ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். டெங்கு. ரத்தத்தில் தட்டணு குறைந்துவிட்டது என்றார்கள். அந்த வராண்டா எனக்குத் தெரியும். பைப் எங்கே இருக்கிறது, எந்த நர்ஸ் கோபக்காரி என்பதெல்லாம் தெரியும். ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, "என்னம்மா, அவரு எப்படி இருக்காரு?" என்றாள்.

பவாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"என்னம்மா, என்னைக் கணக்குலயே சேக்கலையா?"

நான் போர்வையைச் சரி செய்தேன்.

"நான் டீச்சர்கிட்ட சொன்னேன், அது வேற துளசிமணியா இருக்கும்னு" என்றாள்.

நவம்பர் 15, சனி

ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி. தட்டணு கொஞ்சம் ஏறியிருக்கிறது. இட்லி அரை தின்றாள். முத்துமாரி கஞ்சியும் நிலவேம்பும் கொண்டு வந்தாள். "கசக்குதுக்கா" என்று பவா முகத்தைச் சுளித்தாள். "உங்கம்மா வச்ச குழம்பே குடிச்சிட்டியே, இது என்ன?" என்றாள் முத்துமாரி.

நவம்பர் 17, திங்கள்

முத்துமாரியைப் பவாவிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஸ்கூலில் இருந்து அவர்களுக்கு முன்னமே சொல்லிவிட்டிருந்தார்கள்.

மேனேஜர் கத்தவில்லை. "பொண்ணு எப்படி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"தேறி வர்றாளுங்க சார்."

"ஒரு பொண்ணு இருக்குன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருப்பாரா மாட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"அந்தப் பிள்ளைக்கு எதாச்சும் ஆகியிருந்தா நாளைக்குப் பேப்பர்ல எங்க கம்பெனி பேருதான் வரும். பொய் சொன்னவங்களை வெச்சுக்க முடியாதுங்க. நீங்க நின்னுக்கங்க."

ஷர்மிளா வெளியே மாடிப்படியில் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"போனை எடுத்தது நாந்தாங்க்கா. அந்த டீச்சர் அழுதாங்க. நாந்தான் பொண்ணே இல்லைன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"விடு கண்ணு. எழுதியிருந்ததைத்தான நீ படிச்ச?" என்றேன்.

ஏழாவது கம்பெனியும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும்.

நவம்பர் 19, புதன்

பவாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தே வந்தாள். எடையே இல்லை.

நவம்பர் 22, சனி

ரத்தம் சோதிக்கப் பவாவை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நல்லபடியாக இருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமையில் இருந்து ஸ்கூலுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதியே கொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு தகரக் கொட்டகைக் கம்பெனியில் போர்டு தொங்கியது. எட்டு மிஷின்தான் இருக்கும். பி.எஃப். கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. சரி, கேட்டுவிடலாம் என்று போனேன். பவா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதலாளி துணிக்கட்டு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னால எங்கீங்க இருந்தீங்க?"

கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"பெரிய கம்பெனியாச்சே. எத்தனை நாளுங்க?"

"மூணு வாரங்கூட இல்லைங்க."

"ஏன் நின்னீங்க?"

இவர் எதையும் தட்டிப் பார்க்க முடியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது.

"எம்பொண்ணுக்கு டெங்குங்க. பாக்கப் போனேன். அதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி. அதுக்கும் போனேன். அதான் எங்கயும் நிக்க முடியலைங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறைக்காம சொன்னீங்க, சந்தோசம். ஆனா எங்கிட்ட இருக்கறதே பத்துப் பேரு. ஒருத்தரு வரலைன்னா லைன் படுத்துக்கும். கோவிச்சுக்காதீங்க."

சரிங்க என்று திரும்பினேன். அவர் வாசலைப் பார்த்தார்.

"அது உங்க பாப்பாவா? இங்க வா அம்மிணி. நீ எங்கயாச்சும் வேலைக்குப் போயிருக்கியா?"

"இல்லீங்க."

"ஒரு கம்பெனியுமே பாத்ததில்ல?"

"இல்லீங்க."

"அப்பச் செரி. எதுவும் கேக்கறதுக்கு இல்ல. கைமடிக்கு வர்றியா?"

"அவ ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க" என்றேன்.

பவா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"திங்கக்கிழமை வர்றேனுங்க."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அடிக்கக் கையைக் கூட ஓங்கினேன். அவள் முன்னால் நடந்தாள். மூச்சு வாங்கியது. பாதி வழியில் ஒரு மதகில் உட்கார வைத்தேன். அப்போதும் திட்டினேன்.

"எனக்கு ஒரு வேலை கெடைக்கற வரைக்குந்தாம்மா" என்றாள். பிறகு, "உனக்கு" என்று திருத்திக்கொண்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

அரிசி பருப்பு சாதம் செய்தேன். சாயங்காலம் அவளே தன் ஸ்கூல் பையைக் காலி செய்து புத்தகங்களைப் பீரோ மேல் வைத்தாள். நான் தலை பின்னிவிட்டேன். காய்ச்சலில் முடி கொத்தாகக் கொட்டுகிறது.

நவம்பர் 24, திங்கள்

பவாவுக்கு எலுமிச்சை சாதம் கட்டினேன். உப்புப் பார்த்துத்தான் போட்டேன். எட்டு மணிக்கே போய்விட்டாள். நானும் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

ஸ்கூலில் இருந்து டீச்சர் போன் செய்தார்கள்.

"பவதாரணி இன்னைக்கு வரணுமே, ஏம்மா வரலை? காய்ச்சல் இன்னும் விடலையா?"

"ஆமாங்க டீச்சர். இன்னும் விடலைங்க."

"ஐயோ. நல்லாப் பாத்துக்கங்க. அடுத்த மாசம் அரையாண்டுப் பரீட்சை. எத்தனை நாளாகும்னு டாக்டர் சொன்னாங்களா?"

"கொஞ்ச நாள்தானுங்க" என்றேன்.